தொட்டியில் சதகுப்பைக் கீரை

பெங்களூரில் கீரைக் கடைக்குப் போயிருக்கிறீர்களா? கீரைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு கீரை இருக்கும். அதன் இலை நூல் நூலாக இருக்கும். பக்கத்தில் போனாலே வாசனை வரும். அதுதான் சதகுப்பைக் கீரை. கன்னடத்தில் 'சப்பசிகே சொப்பு' என்பார்கள். மராத்தியில் 'ஷேப்பு'. குஜராத்தியில் 'சுவா'. இந்தியில் 'சோயா'. சோயா பீன்ஸ் வேறு, இது வேறு.

தமிழ்நாட்டில் பலருக்கு இதைக் கீரையாகத் தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் விதையாகத்தான் தெரியும். கர்நாடகத்தில் இது அன்றாடக் கீரை. பொடியாக நறுக்கி அரிசி ரொட்டி மாவில் போட்டுப் பிசைவார்கள். மொச்சையோடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். அங்கே வேலைக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதைச் சமைக்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு கட்டு வாங்கினால் இரண்டு நாளில் வாடிவிடும். அதனால் வீட்டிலேயே வளர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் வாடகை வீட்டில் நிலம் எங்கே இருக்கிறது? மாடிப்படியில் ஒரு மூலை இருக்கும். ஜன்னல் ஓரம் இருக்கும். அங்கே தொட்டிதான் வைக்க முடியும்.

ஒரே வளவில் குடியிருக்கும் இரண்டு பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். ஒரே பாக்கெட் விதையைப் பங்கு போட்டார்கள். ஒரே நாளில் விதைத்தார்கள். பெரியவர் பழைய வாளியில் விதைத்தார். இளையவர் ஐஸ்கிரீம் டப்பாவில் விதைத்தார். ஒன்றரை மாதம் ஆயிற்று. வாளிச் செடி ஒரு சாணுக்கு மேல் வளர்ந்தது. டப்பாச் செடி நான்கு விரல் உயரம்கூட இல்லை. அதற்குள் உச்சியில் மொட்டு வந்துவிட்டது.

"அக்கா, என் செடி வளரவே இல்லையே. இது குட்டை ரகமா?"

"ஒரே பாக்கெட் விதைதானே போட்டோம்? உனக்கு மட்டும் எப்படிம்மா குட்டை ரகம் வரும்?"

"அப்புறம் ஏன் இப்படி நிக்குது?"

"அது பட்டினி கிடக்குது. டப்பாவைக் கவிழ்த்துப் பாரு."

கவிழ்த்துப் பார்த்தார்கள். டப்பாவின் அடியில் வெள்ளை வேர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தன. மண்ணைவிட வேர்தான் அதிகம். போவதற்கு வேறு வழி இல்லாமல் வேர் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

குட்டை ரகம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. சாதாரண சதகுப்பை இரண்டு முழம், இரண்டரை முழம்கூட வளரும். குட்டை ரகம் ஒரு முழத்தோடு நின்றுவிடும். ஒரு முழம் என்றால் 18 அங்குலம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர். 'ஃபெர்ன்லீஃப்' என்பது அப்படிப்பட்ட ஒரு ரகம். 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புதிய தோட்ட ரகங்களுக்கான பரிசு பெற்றது. குட்டை ரகத்தில் கணுவுக்குக் கணு இடைவெளி குறைவு. அதனால் செடி உயராமல் புதராக அடர்ந்து வரும். பூவும் தாமதமாக வரும். காற்றுக்குச் சாயாது. தொட்டிக்கு ஏற்றது இதுதான்.

குட்டை வேறு, குன்றியது வேறு. குட்டை ரகச் செடியின் தண்டு உறுதியாக இருக்கும். இலை கரும்பச்சையாக நெருங்கி இருக்கும். குன்றிய செடியின் தண்டு நூல்போல் மெலிந்திருக்கும். அடி இலை மஞ்சளாகும். வயது வருமுன் பூக்கும். அடுத்த மழை வரை தாங்கமாட்டோம் என்பதுபோல், அவசரமாக விதை வைத்துவிட்டுப் போகப் பார்க்கும்.

ஏன் இப்படி ஆகிறது? சதகுப்பைக்கு ஆணிவேர் உண்டு. முள்ளங்கி, கேரட் போல நேராகக் கீழே இறங்கும் வேர் அது. கீழே இடம் இல்லாவிட்டால் மேலேயும் வளர்ச்சி நின்றுவிடும். சின்ன டப்பாவில் மண்ணும் கொஞ்சம், சத்தும் கொஞ்சம். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். குட்டை ரகத்தையும் இப்படிப்பட்ட டப்பாவில் வைத்தால் அதுவும் குன்றித்தான் போகும். செடி குட்டை என்பதற்காக வேருக்கு இடம் வேண்டாம் என்று ஆகாது.

ஆகவே தொட்டியின் ஆழத்தை முதலில் பாருங்கள். ஒரு அடி ஆழம் இருந்தால் நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீள அளவுகோல் ஏறக்குறைய ஒரு அடிதான். அதைத் தொட்டிக்குள் நிறுத்திப் பாருங்கள். 12 அங்குலம் கிடைக்கவில்லை என்றால் 10 அங்குலமாவது இருக்கட்டும். பழைய வாளி, சமையல் எண்ணெய் டின், மண் தொட்டி எல்லாம் சரிதான். அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். பெயின்ட் டப்பாவும் பூச்சிமருந்து டப்பாவும் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். இது வாயில் போடும் கீரை.

மண், நன்றாக மக்கிய சாண எரு, கொஞ்சம் மணல் கலந்து நிரப்புங்கள். வாயிலிருந்து இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். விதையைத் தூவி, கால் அங்குலத்துக்கு மேல் மண் போடாமல் மூடுங்கள். நாற்று விட்டு எடுத்து நடக்கூடாது. ஆணிவேர் அறுந்தால் செடி தேறுவது கடினம். எங்கே வளரவேண்டுமோ அங்கேயே விதைக்கவேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். அதுவரை மண் காயவே கூடாது.

முளைத்தபின்தான் பலருக்குக் கை வராது. நெருக்கமாக நிற்கும் செடிகளைக் களைய மனம் வராது. களையாவிட்டால் எல்லாமே மெலிந்து போகும். ஒரு அடி அகலத் தொட்டியில் நான்கைந்து செடி போதும். இடையில் நான்கு விரல் இடம் விடுங்கள். பிடுங்கியதை வீணாக்க வேண்டாம். வேரை நறுக்கிவிட்டு ரசத்தில் போடுங்கள்.

தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் செடி உயரும், ஆனால் சாயும். அது வளர்ச்சி அல்ல. வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறது, அவ்வளவுதான். மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு அங்குலம் உள்ளே ஈரம் இருந்தால் அன்று வேண்டாம்.

செடி ஒரு சாண் வந்ததும் வெளிப்பக்க இலைகளைக் கிள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உச்சியில் குடைபோல் மஞ்சள் பூ வந்துவிட்டால் புது இலை குறைந்துவிடும். கடும் கோடையில் பூ சீக்கிரம் வரும். பெங்களூரின் மிதமான காற்று இதற்குப் பிடிக்கும். சென்னை போன்ற ஊரில் மழைக்காலம் முடிந்து வரும் குளிர்மாதங்களே ஏற்றவை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை இன்னொரு தொட்டியில் விதைத்தால் கீரை அறாமல் கிடைக்கும். இலையில் அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகத் தெளித்துக் கழுவி விடுங்கள். மருந்து அடிக்காதீர்கள்.

விதை வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள். கையில் உள்ள விதையைப் பார்த்து, குட்டை ரகமா, உயர ரகமா என்று யாரும் சொல்ல முடியாது. பாக்கெட்டில்தான் அது எழுதியிருக்கும். ரகத்தின் பெயர், முளைப்புச் சதவீதம், சோதித்த தேதி ஆகியவற்றைத் தேடுங்கள். 'விஷ மருந்து கலந்தது, உண்ணக்கூடாது' என்று போட்டிருந்தால், அந்த விதையைச் சமையலுக்கோ கஷாயத்துக்கோ எடுக்கவே கூடாது. விதை சாயம் பூசியது போல் நிறமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சதகுப்பை விதைக் கஷாயத்தைப் பிரசவமான பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. கைக்குழந்தைக்கு அதைப் புகட்டாதீர்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும்.

நாட்டு மருந்துக் கடை விதையும் முளைக்கும். ஆனால் பழையதாக இருக்கலாம். குட்டை ரகமாகவும் இருக்காது. எனவே முதலில் சோதித்துப் பாருங்கள். 20 விதையை ஈரத் துணியில் வைத்து மடித்து, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். முளைத்ததை எண்ணுங்கள். 20-இல் 12 முளைத்தால் 100-க்கு 60 முளைக்கும் என்று பொருள்.

செய்து பாருங்கள்

ஒரே விதையை ஒரே நாளில் இரண்டு தொட்டியில் விதையுங்கள். ஒன்று நான்கு அங்குல ஆழம், இன்னொன்று 12 அங்குல ஆழம். இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் சின்னத் தொட்டிச் செடியின் உயரம். மூன்றாவதில் பெரிய தொட்டிச் செடியின் உயரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்து எழுதுங்கள். எட்டு வாரம் ஆனதும் இரண்டு உயரங்களையும் கழித்துப் பாருங்கள். எந்த வாரத்தில் சின்னத் தொட்டிச் செடி நின்றுபோயிற்று? முதல் பூ எந்தத் தொட்டியில் வந்தது?