பழைய புத்தகங்கள் வளர்த்த தெரு

ஒரு தெருவுக்கு வரலாறு உண்டென்றால், அங்கே அரண்மனையோ கோயிலோ இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். ஆனால் மாணவர்கள் படித்துவிட்டு விற்ற பழைய புத்தகங்களாலேயே வரலாறு பெற்ற தெரு ஒன்று உண்டு. அதுவே டோக்கியோ மாநகரின் கண்டா வட்டாரத்திலுள்ள ஜிம்போச்சோ புத்தகத் தெரு.

முற்காலத்தில் ஜிம்போ என்னும் சாமுராய் குடும்பத்தின் மாளிகை அங்கே இருந்தது. அப்பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1868இல் ஜப்பானில் ஆட்சி மாறியது. சாமுராய்களின் காலம் முடிந்தது. அவர்கள் வாழ்ந்த அவ்வட்டாரத்தில் கல்விக்கூடங்கள் எழுந்தன. 1877இல் டோக்கியோ பல்கலைக்கழகம் இவ்வட்டாரத்தில்தான் தொடங்கியது. 1885இல் ஆங்கிலச் சட்டப் பள்ளி வந்தது. இன்றைய சூவோ பல்கலைக்கழகம் அதுவே.

மேனாட்டுச் சட்ட நூல்களும் அறிவியல் நூல்களும் விலை மிகுந்தவை. படித்து முடித்தவர் விற்றார். படிக்க வந்தவர் வாங்கினார். இடையே கடைகள் தோன்றின. 1877இல் யூஹிக்காக்குவும், 1881இல் சான்செய்தோவும் பழைய புத்தகக் கடைகளாகவே தொடங்கிப் பின்னர் பெரும் பதிப்பகங்களாயின.

1913 பிப்ரவரியில் பெருந்தீ கண்டாவை எரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆசிரியர் பணியை விட்டுவந்த இவானாமி ஷிகேயோ அங்கே ஒரு பழைய புத்தகக் கடை திறந்தார். பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த அத்தொழிலில், ஒவ்வொரு நூலுக்கும் ஒரே விலை என்று எழுதி வைத்தார். இது சிறிய செய்தியன்று. பேரத்தில் விவரமறிந்தவனுக்கு ஒரு விலை, கிராமத்திலிருந்து புதிதாய் வந்தவனுக்கு வேறொரு விலை. எழுதி வைத்த விலையின் முன் இருவரும் சமம். 1914இல் நட்சுமே சோசெகியின் ‘கொக்கொரோ’ நாவலை வெளியிட்ட அவர், 1927இல் மலிவு விலை நூல்வரிசையையும் தொடங்கினார்.

1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தெரு மீண்டும் சாம்பலாயிற்று, மீண்டும் எழுந்தது. 1960 முதல் இலையுதிர் காலத்தில் அங்கே பழைய புத்தகத் திருவிழா நடக்கிறது. இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் உள்ளன. வெயில் பட்டு நூல்கள் மங்காதிருக்க, அவற்றுள் பெரும்பாலானவை சாலையின் தென்புறத்தில் வடக்கு நோக்கி நிற்கின்றன.

இருமுறை எரிந்த தெருவை எழுப்பியது எது? நேற்றுப் படித்தவனின் நூல் நாளை படிப்பவனுக்கு வேண்டும் என்னும் தேவையே. என் இயற்பியல் நூலின் முதல் பக்கத்தில் எனக்கு முன் படித்த இருவரின் பெயர்கள் உள்ளன. மூன்றாவதாக என் பெயரை எழுதியுள்ளேன். அதன் கீழே இன்னும் இடம் இருக்கிறது.