ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

கேள்வி: அப்பா 1970-ல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 எங்கள் வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாக நிற்கிறது. நிறுத்துவதற்கு முன்பே புகை தள்ளிக்கொண்டிருந்தது. நான் திருவெறும்பூரில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்ஜினை வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்க ஆசை. இங்கிலாந்திலிருந்து பிஸ்டன், பேரிங் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றை வரவழைத்துவிடலாம் என்கிறான் மகன். வீட்டில் செய்கிற வேலையா இது?
- வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். வீட்டு வாசலில் வைத்துப் பிரிக்க ஹெரால்டைவிடத் தோதான கார் நம் ஊரில் ஓடியதில்லை. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். என்ஜின் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றலாம். மகனிடம் மட்டும், கிட்டுக்கு இப்போதே பணம் கட்டாதே என்று சொல்லிவையுங்கள்.

உங்கள் கார் எந்த வம்சம் என்று தெரிந்தால் வேலையில் இன்னும் ருசி கூடும். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை, சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே செய்தது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அவர் கையிலிருந்தே 1962-ல் இன்னொரு கார் வந்தது: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இன்றைக்கும் உலகமெங்கும் வீட்டு ஷெட்டுகளில் பிரித்துப் பூட்டப்படும் ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் சேசிஸ் ஹெரால்டு சேசிஸிலிருந்து பிறந்தது. என்ஜினும் அதே குடும்பம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ. உங்களுடையது 63 மி.மீ. போர், 948 சி.சி.; முதல் ஸ்பிட்ஃபயர் 69.3 மி.மீ. போர், 1147 சி.சி. உங்களுக்கு ஒரு கார்பரேட்டர், அதற்கு இரண்டு. ஹெரால்டு 35 குதிரைசக்தி தந்தால் ஸ்பிட்ஃபயர் 63 தந்தது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியில் இருந்ததால், இந்தக் குடும்பத்து என்ஜினுக்கு வேண்டிய சாமான் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஸ்டாண்டர்டின் வண்டலூர் ஆலை எண்பதுகளின் முடிவில் நின்றுபோனாலும் உங்கள் கார் அநாதையாகாததற்கு அதுதான் காரணம்.

அதற்காக ஸ்பிட்ஃபயர் பிஸ்டனைப் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 63-ஐ 69 ஆக்கத் துளைத்தால் தண்ணீர் ஓடும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே சுவர் மிஞ்சாது.

இனி கிட் விஷயம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல் பேரிங் போட வேண்டும். கிராங்க்கைப் பத்துப் பத்து 'தவ்' ஆகத்தான் குறைப்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். உங்கள் கிராங்க்கைப் பத்தில் நிறுத்தலாமா, இருபது வரை போக வேண்டுமா என்பதை மைக்ரோமீட்டர் சொல்வதற்குள் கிட் வாங்கினால், வந்த பேரிங்குக்காகக் கிராங்க்கைத் தேய்க்க வேண்டிவரும். ஏற்கெனவே யாரோ ஒருமுறை போரிங் செய்திருக்கவும் கூடும். பிஸ்டன் தலையில் எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பிரித்தல், அடுத்து கழுவுதல், பிறகு அளத்தல், கடைசியில்தான் வாங்குதல். பாதி வழியில் கைவிட்ட வேலைகள் பலவும் இந்த வரிசை மாறியவை.

ஸ்பேனர் செட்டையும் பாருங்கள். இது அங்குலக் கணக்கு என்ஜின். அரை அங்குல போல்ட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் உட்காருவதுபோல் பாவனை செய்து, அழுத்திய உடனே முனையை மழுக்கிவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றும் கையில் இருந்தாலே வேலையில் பெரும்பகுதி நடக்கும்.

என்ஜினை வெளியே எடுக்கச் செயின் பிளாக்கை வீட்டு உத்தரத்தில் மாட்டிவிடாதீர்கள். சித்திரை வீதி, உத்தர வீதிப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் உத்தரம், கூரையைத் தாங்கப் போட்டது. ஊஞ்சலைத் தாங்குகிறதே என்று என்ஜினையும் நம்பி மாட்டக் கூடாது. சக்கரம் வைத்த ஹைட்ராலிக் கிரேனை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

கழற்றும் முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் இந்தக் குடும்பத்தின் பரம்பரை வியாதி வந்துவிட்டது. கிராங்க்கின் மூன்று மெயின் பேரிங்கில் பின்பக்கத்து பேரிங்கின் இருபுறமும் அரைநிலா வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர் இருக்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க்கைத் தள்ளுகிற விசையை வாங்குவது அதில் ஒன்று. அது தேய்ந்து மெலிந்தால் நழுவிச் சம்புக்குள் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே ராவ ஆரம்பிக்கும். இரண்டு சின்ன வாஷருக்காகப் பிளாக்கைக் குப்பையில் போட்ட ஸ்பிட்ஃபயர்காரர்கள் உண்டு. பூட்டும்போது டயல் கேஜ் வைத்து முன்பின் ஆட்டத்தை அளந்து பாருங்கள். 4 முதல் 8 தவ்வுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் 5 தவ் தடிமன் கூடிய வாஷர் கிடைக்கும். கோடு போட்ட முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அத்தனை வேலையும் வீண்.

லேத்துக்கு அனுப்ப வேண்டியவை போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், வால்வ் சீட் ஆகிய நான்கும்தான். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்த பொன்மலைப் பட்டறை இருக்கும் ஊர் இது, கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. அரியமங்கலம் பக்கம் விசாரியுங்கள். லேத்காரரிடம் பிளாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பத் துளைக்கிறவர்தான் வேலை தெரிந்தவர். வால்வ் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-க்குப் பிறகு நாட்டில் இல்லை. ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் சீக்கிரம் குழியும் என்பது உண்மை. சீட் ஏற்கெனவே குழிந்திருந்தால் கடினமான இன்சர்ட் போடச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் வேகத்துக்கு அது போதும்.

பிளாக் திரும்பி வந்ததும் எண்ணெய் ஓடும் துளை ஒவ்வொன்றையும் பிரஷ் விட்டுச் சோப்புத் தண்ணீரில் நீங்களே கழுவுங்கள். உடனே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் காவிரிக்கரைக் காற்றில் மறுநாளே துரு பிடிக்கும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளி பாருங்கள். உங்கள் போருக்குச் சுமார் 10 தவ். டேப்பெட்டுகளைப் பழையபடியே போடுவதானால் எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதற்கே திரும்ப வேண்டும். முன்பக்கச் சம்பு அருகே ஓர் அலுமினியத் துண்டு வரும். அதன் இரு ஓரத்திலும் அடைப்புக்கு மரச்சில்லு வைக்கிறார்கள். கார் என்ஜினில் மரமா என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக, 42 முதல் 46 பவுண்ட்-அடி வரை முறுக்குங்கள். வால்வ் கிளியரன்ஸ் என்ஜின் ஆறியிருக்கும்போது 10 தவ்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை செல்ஃப் போட்டுச் சுற்றவிடுங்கள். 20டபிள்யூ-50 எண்ணெய் போதும். முதல் 800 கிலோமீட்டரில் அதை மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு அதிகம். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமையும் அது தின்றுவிடும். அவை இரண்டும் கட்டாயம் புதிதாக வேண்டும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் கெஸல். என்ஜின் ஜாம் ஆகிக் கிடக்கிறது. கயிறு கட்டி இழுத்து கியரில் விட்டால் சுற்றிவிடும் என்கிறார் மெக்கானிக்.
- வாசகர், தில்லை நகர்

பதில்: சுற்றும்; கூடவே ரிங்கும் உடையும். பிளக் துளை வழியே டீசலும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். சில நாள் கழித்து டாப் கியர் போட்டு வண்டியைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதே வழி. கழற்றும்போது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பக் கூடாது.

கேள்வி: ஹெரால்டு என்ஜினோடு மல்லுக்கட்டுவதைவிட, மாருதி என்ஜின் ஒன்றை வைத்துவிட்டால் நிம்மதிதானே?
- வாசகர், உறையூர்

பதில்: ஓட்ட நிம்மதிதான். ஆனால் 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி, சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாறுதல் செய்யாத வண்டிக்குத்தான் பொருந்தும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பழைய பதிவு உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவில் கண்காட்சி, விண்டேஜ் பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. என்ஜினை மாற்றினால் அந்த வழி அடைபடும்; ஆர்.சி. புத்தகத்திலும் ஆர்.டி.ஓ. அனுமதியோடு திருத்தம் செய்ய வேண்டிவரும். என் வோட்டு 948-க்கே. மாற்றியே தீருவேன் என்றால், கழற்றிய என்ஜினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஸ்ரீரங்கத்துக்காரர் போன்ற ஒருவருக்கு அதன் கிராங்க்காவது உதவும்.