சாண எரிவாயுக் கலத்தில் புளிப்பு ஏறுதலும் அதன் பரிகாரமும்

செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரம் முதலிய ஊர்களில் மாடு வைத்திருக்கும் குடியானவருக்குச் சாண எரிவாயுக் கலம் விறகுச் செலவைக் குறைத்து, நல்ல எருவையும் தருவதாகும். இந்நாட்டில் இம்முறை புதியதன்று. 1897-ம் ஆண்டிலேயே பம்பாய் மாட்டுங்காவிலிருந்த குஷ்டரோகிகள் விடுதியில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்தனர். 1984-ல் ‘தீனபந்து’ என்னும் சிக்கனமான கலம் வந்தது. எவ்வகைக் கலமாயினும், வடிகஞ்சி, பழஞ்சோறு, மரவள்ளிக் கழிவு முதலியவற்றை ஒரேயடியாகக் கொட்டினால் சில தினங்களில் வாயு குன்றிவிடும். அதன் காரணத்தை அறிந்தால் பரிகாரம் எளிது.

கலத்தினுள் இருவகைக் கிருமிகள் முக்கியமானவை. ஒருவகை, மாவுப்பொருளைச் சிதைத்து அசெடிக், புரோப்பியானிக் முதலிய அமிலங்களாக்கும். இவை விரைவில் பெருகும். மற்றொரு வகை, அவ்வமிலங்களின் வழியாக மீதேன் வாயுவை உண்டாக்கும். இவை மெல்லப் பெருகுவன. ஆகையால் இரை மிகுந்தால் அமிலம் செலவாகாமல் தேங்கும். சாணத்திலுள்ள பைகார்பனேட் உப்புகள் ஓரளவே அதைத் தாங்கும்.

ஜலத்தில் இவ்வமிலங்களின் ஒரு பகுதி ஹைட்ரஜன் அயனியாகவும் அமில அயனியாகவும் பிரிந்தும், எஞ்சியது பிரியாமலும் நிற்கும். கிருமிகளுக்குப் பெருந்தீங்கு விளைப்பது பிரியாத பகுதியே. மின்னேற்றம் இல்லாமையால் அது கிருமியின் சவ்வை எளிதில் கடந்து உட்புகும். உள்ளே புளிப்புக் குறைவாதலால் அங்கே பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடும். அதனை வெளியேற்றுவதிலேயே கிருமி தன் சக்தியைச் செலவிட்டு நலியும். காடியில் ஊறிய காய்கள் கெடாதிருப்பதற்கும் இதுவே முக்கிய காரணம்.

பி.ஹெச். என்னும் அளவில் 7 நடுநிலை. அது குறையக் குறையப் புளிப்பு மிகும். அசெடிக் அமிலம் 1000 பங்கிருப்பின், பி.ஹெச். 7-ல் பிரியாதது சுமார் 6 பங்கே. 6-ல் 54 பங்கு. 5-ல் 365 பங்கு. அமிலத்தின் மொத்த அளவு மாறாமலே அதன் நஞ்சு பன்மடங்காவதைக் காண்க. மீதேன் கிருமிகள் நலிந்தால் அமிலம் மேலும் தேங்கும். கேடு தன்னைத்தானே வளர்க்கும்.

வாயு குறைதல், சுடர் சரியாக எரியாமை, வெளிவரும் குழம்பில் புளித்த நாற்றம் ஆகியவை அடையாளங்கள். உடனே இரையிடுதலை நிறுத்த வேண்டும். வாயு வரவில்லையென்று மேலும் கொட்டுவது பெருந்தவறு. பி.ஹெச். காகிதத்தால் சோதித்து, தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 7-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்துக. சுண்ணாம்பு மிகுந்தால் அம்மோனியா அயனி வாயுவாக மாறி, அதுவும் கிருமிகளுக்கு நஞ்சாகும். நன்றாக வேலை செய்யும் வேறொரு கலத்தின் குழம்பைச் சேர்ப்பதும் நலம்.

வாயு மீண்டபின், சாணமும் ஜலமும் சம அளவாகக் கரைத்து, முதலில் வழக்கத்தில் பாதியளவே இடுக. சோற்றுக் கழிவையும் மரவள்ளிக் கழிவையும் சாணத்துடன் கலந்து, நாளுக்குச் சிறிதளவாகவே சேர்த்து வருதல் வேண்டும்.