வயலிலிருந்து வானேறும் உரம்

நாம் வயலுக்கு இடும் யூரியாவில் தழைச்சத்து அடங்கியுள்ளது. பயிர் உட்கொண்டது போக மீந்த தழைச்சத்து எங்கே செல்கிறது? ஒரு பகுதி நீரோடு வடிந்துபோகிறது. மற்றொரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாற்றிவிடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவ்வாயு காற்றில் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கும். எடைக்கு எடை, கரியமில வாயுவைக் காட்டிலும் சுமார் 273 மடங்கு புவியைச் சூடேற்றும்; ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

ஓர் ஊரில் எழும் வாயு உலகெங்கும் பரவுமாதலால், ஒரு நாடு மட்டும் முயன்றால் போதாது. 1997-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரில் உருவான உடன்படிக்கை, குறைக்க வேண்டிய வாயுக்களுள் இதனையும் சேர்த்தது. நைட்ரிக் அமில ஆலைகளில் இவ்வாயுவைச் சிதைக்கும் சாதனங்களைப் பொருத்த இயலும். இம்முயற்சியில் பிற நாடுகளுக்கு உதவ 2015-இல் ஜெர்மனி ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால், மனிதர் செயலால் எழும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பகுதி வேளாண்மையிலிருந்தே வருகிறது. வயலுக்குப் புகைபோக்கி இல்லை. அங்கே சாதனம் பொருத்த இயலாது. ஆகவே, உரத்தை அளவோடு இடுவதே வழி. 2019 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, தழைச்சத்தைச் செம்மையாகக் கையாள்வது பற்றி இந்தியா முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான கொழும்புப் பிரகடனம், 2030-க்குள் தழைச்சத்து விரயத்தைப் பாதியாகக் குறைக்க இலக்கு வகுத்தது.

இவ்விலக்கில் நம் பங்கு யாது? 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. பன்னாட்டுக் கணக்கின் பொது விதிப்படி அதில் நூற்றில் ஒரு பங்கு இவ்வாயுவாக மாறுவதாகக் கொண்டால், 325 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு எழும். அது சுமார் 89 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாகும். நீர் தேங்கிய நெல்வயலில் இப்பங்கு குறைவு. புன்செயில் கவனம் மிகுதியாக வேண்டும்.

மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவே உரமிடுவோம். மேலுரத்தை ஒரே முறையில் கொட்டாமல், பயிரின் பருவமறிந்து பகுத்து இடுவோம். நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து யூரியா இடுவோம். வேம்பு, தழைச்சத்து மண்ணில் மாறும் வேகத்தைத் தணிக்கும். இதனாலேயே 2015-இல் நம் நாட்டில் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுதல் கட்டாயமாக்கப்பட்டது.

ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, மண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். விரயமாகும் உரம் உழவரின் பணமே. அதனைக் காத்தால் நம் செலவும் குறையும். உலகுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் நிறைவேறும்.