ஸ்டேஷன் படியேறும் முன்

காவல் நிலையத்தைப் பற்றி நம் ஊர்களில் உலவும் பேச்சில் பாதி அனுபவம், பாதி செவிவழிக் கதை. அனுபவத்தை நான் மறுக்கப் போவதில்லை. சட்டம் நம் கையில் கொடுத்துவிட்டதைக்கூடக் கேட்டு வாங்கவிடாமல் தடுக்கும் கதைகளைப் பற்றியே இங்கே பேச்சு.

நம்பிக்கை: “அந்தக் காலத்துல மக்கள் போலீஸை நம்பினாங்க, இப்பதான் எல்லாம் கெட்டுப் போச்சு.”

உண்மை: சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிமக்கள் சித்திரவதை செய்யப்படுவதாக எழுந்த புகார்களை விசாரிக்க கம்பெனி அரசே ஓர் ஆணையம் அமைத்தது. 1855-இல் வந்த அதன் அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்றது. 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் 1857 கிளர்ச்சியை அடக்கிய கையோடு எழுதப்பட்டது. ஆட்சியைக் காப்பதுதான் அதன் முதல் கவலை. 1872-இன் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதிக்கு மட்டும் விலக்கு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டமே காவலரை முழுதாக நம்பவில்லை. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று எழுதிக் கைரேகை பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் வேறு. அந்த ரேகை பதித்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய், “எங்களைக் கண்டால் ஏன் ஒதுங்குகிறீர்கள்?” என்று கேட்பதில் நியாயமில்லை. முதலடி எடுத்து வைக்க வேண்டியது காக்கிச்சட்டைதான்.

நம்பிக்கை: “சி.எஸ்.ஆர். போட்டாச்சு, கேஸ் பதிவான மாதிரிதான்.”

உண்மை: இல்லை. சி.எஸ்.ஆர். ரசீது, மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. எஃப்.ஐ.ஆர். பதிந்தால்தான் முறையான புலன்விசாரணை தொடங்கும். வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இல் தீர்ப்பளித்தது. முன்விசாரணைக்குச் சில வகை வழக்குகளில் மட்டும் இடம் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதி பெற்று 14 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அங்கும் வேலை நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இதே சட்டத்தின் 193-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறை தெரிவித்தாக வேண்டும், செல்போன் வழியாகவாவது. என்னைக் கேட்டால், நல்லுறவுக்காக நடக்கும் கைப்பந்துப் போட்டிகளையும் பொங்கல் விழாக்களையும்விட இந்த ஒரு வரித் தகவல் பெரிது. செயினைப் பறிகொடுத்த ஒரு பெண் “என்னாச்சு சார்?” என்று கேட்டு ரைட்டர் மேசைக்கு நடையாய் நடப்பதும், பதில் வராமல் திரும்புவதும்தான் ஒரு தெரு முழுவதும் போலீஸ் மீது கசப்பை வளர்க்கிறது.

நம்பிக்கை: “எங்க லிமிட் இல்லைன்னு சொன்னா திரும்பி வந்துடணும்.”

உண்மை: வர வேண்டாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். அதை உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

நம்பிக்கை: “பொதுமக்களைப் போலீஸோடு சேர்த்துவிட்டால் நட்பு தானாக வளரும்.”

உண்மை: தமிழ்நாடு இதை நெடுங்காலம் செய்து பார்த்த மாநிலம். ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 1993-இல் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். நல்ல நோக்கம், பல மாவட்டங்களுக்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்த இயக்கத்தின் தன்னார்வலர்களும் உடனிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. அமைப்பு மறுத்தது. ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. யார் சொன்னது சரி என்பதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று: பயிற்சியும் பதவிப் பொறுப்பும் இல்லாத ஒருவர் ஸ்டேஷனுக்குள் நிற்கும்போது, அவர் செய்ததற்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

திருச்சியில் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி 1999 வாக்கில் வேறு வழியில் போனார். பீட் காவலர்களை அந்தந்தப் பகுதியிலேயே தொடர்ந்து வைத்து, மக்கள் அவர்களைப் பெயர் சொல்லி அறியும்படி செய்தார். கேரளம் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்திலும் பீட் அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். இரண்டிலும் தெருவுக்கு வந்தவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட சீருடைக்காரர். நான் இந்த வழியின் பக்கம்தான்.

நம்பிக்கை: “போலீஸ் செஞ்ச தப்பை இன்னொரு போலீஸ் சொல்லவே மாட்டாங்க.”

உண்மை: சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். பயந்துகொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

அவரைப் போன்றவர்களும் நாமும் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை வகிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும், மாவட்ட அளவில் ஆட்சியரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. காவல்துறையைக் கட்டி நடத்தும் துறையின் செயலாளரிடமே காவல்துறை மீது புகார் கொடு என்றால் யார் வருவார்கள்? சட்டமன்றம் இதைத் திருத்த வேண்டும். அதுவரை உண்மை பேசும் காவலர்கூட, பாதுகாப்புக்கு நீதிமன்ற உத்தரவை எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டியிருக்கும்.