விலை ஏறவில்லை, செலவு ஏறியது – எப்படி?



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போட்டித் தேர்வு எழுதப் போகிறோம். அதில் கணக்கைவிட அதிகம் பயமுறுத்துவது தர்க்கக் கேள்விதான். ஒரு கேள்வியை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

கேள்வி: ஒரு நாட்டில் அரசு மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. எந்தக் கடையிலும் அதற்கு மேல் விற்கவில்லை. ஆனாலும் மக்களின் மொத்த மருந்துச் செலவு ஆண்டுதோறும் கூடியது. எது இதற்கு விளக்கம் ஆகாது?

(அ) முதியவர்களின் எண்ணிக்கை கூடியது.
(ஆ) பழைய மருந்துக்குப் பதில் விலை கூடிய புது மருந்தை டாக்டர்கள் எழுதினார்கள்.
(இ) ஒரு சீட்டில் எழுதும் மருந்துகள் அதிகமாயின.
(ஈ) பல மருந்துகள் உச்ச விலைக்கும் கீழே விற்றன.

படி 1: விலை வேறு, செலவு வேறு. செலவு = விலை × அளவு. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால், பவர் = வோல்டேஜ் × கரண்ட் மாதிரி. வோல்டேஜ் குறைஞ்சாலும் கரண்ட் நிறைய ஏறினா பவர் ஏறும். 20 ரூபாய் அட்டை 2 வாங்கினால் 40 ரூபாய். அதுவே 15 ரூபாய் ஆகி, 4 வாங்கினால் 60 ரூபாய். விலை இறங்கியது, செலவு ஏறியது. முரண்பாடு இல்லை.

படி 2: ஒவ்வொரு விடையும் எதை மாற்றுகிறது என்று பாருங்கள். (அ), (இ) இரண்டும் அளவைக் கூட்டுகின்றன. (ஆ) மருந்தையே மாற்றுகிறது. (ஈ) செலவைக் குறைக்கும் பக்கம்தான் இழுக்கிறது. எனவே விடை (ஈ).

படி 3: கேள்வியில் இல்லாததைச் சேர்க்காதீர்கள். "விலை குறைஞ்சதால நிறைய வாங்கியிருப்பாங்களே" என்று (ஈ)-க்கு வாதாடலாம். அது நம் ஊகம். கேள்வி அப்படிச் சொல்லவில்லை.

இது வெறும் பரீட்சை விஷயமில்லை. நம் நாட்டில் 2013-இல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. பட்டியலில் இல்லாதவற்றுக்குக் கம்பெனியே விலை வைக்கலாம். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் மட்டும் ஏற்றக்கூடாது.

எங்க அப்பா லோடு இறக்குற வேலை செய்யறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறார். "விலையைக் கட்டுப்படுத்தினதா சொல்றதெல்லாம் பொய்" என்பார். எங்க வீட்ல மருந்து பில்லைப் படிக்கத் தெரிஞ்ச முதல் ஆள் நான்தான். பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பழைய மாத்திரை ஏறக்குறைய அதே விலை. புதுசா ரெண்டு மாத்திரை சேர்ந்திருந்தது. கட்டுப்பாடு பொய்யில்லை, அது எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்று அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். செலவு கூடியதை மட்டும் வைத்து "கட்டுப்பாடே வேண்டாம்" என்று யாராவது முடிவு கட்டினால், நஷ்டம் அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான்.

பயிற்சி: அதே பட்டியல் மாத்திரை, அதே எண்ணிக்கை. ஆனாலும் செலவு கூடியது. எங்கே தேடுவீர்கள்?

விடை: அளவு மாறவில்லை, எனவே விலையில்தான். மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி உச்ச விலையே ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்ற அனுமதி கிடைத்தது.