முதல் ஸஃப்பில் காலியான இடம்

  



மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு கருநிறப் பெண்மணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆண் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. சில நாட்களாக அவரைக் காணவில்லை. நபி (ஸல்) அவர்கள்தான் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று ஸஹாபாக்கள் சொன்னதும், ஏன் எனக்குத் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கேயே போய்த் தொழுகை நடத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது தருமபுரி மாவட்டத்தில் ஒரு கொரோனா நோயாளிகூட இல்லை. ஏப்ரல் பிற்பகுதி வரை அப்படித்தான் இருந்தது. ஆனால் நோய் வருவதற்கு முன்பே தனிமை வந்துவிட்டது. பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பிள்ளைகள் பிழைக்கப் போன மாவட்டம் இது. இ-பாஸ் கிடைக்காமல் மகன் அங்கே, அத்தா இங்கே. அந்த ரமளானில் நோன்புக் கஞ்சிக்கான அரிசி வீடு தேடி வந்தது. கஞ்சிப் பாத்திரத்தைச் சுற்றி நின்று பேசும் பேச்சு வரவில்லை. மே 25 அன்று பெருநாள் தொழுகையும் வீட்டிலேயே முடிந்தது.

செப்டம்பர் 1 அன்று மாநிலம் முழுவதும் பள்ளிகள் திறந்தன. 65 வயது கடந்தவர்கள் மட்டும் வீட்டிலேயே இருக்க அறிவுறுத்தப்பட்டார்கள். 2021 ஏப்ரல் 26 அன்று மறுபடி மூடினோம், ஜூலை 5 அன்று திறந்தோம். இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். சில பெரியவர்கள் திரும்பவே இல்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தூணோரம் நாற்காலி போட்டுத் தொழும் ஒரு பெரியவர் வரவில்லை. முட்டி வலி என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, “கூட்டாளியோட மய்யித்துக்குக்கூட போக முடியலையே ஹஜ்ரத்” என்றார். அதை அவர் வீட்டில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. வீட்டாருக்கு அவர் சாப்பிடாததும் எரிந்து விழுவதும்தான் தெரியும்.

வயதானவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளியே வராது. உடம்பெல்லாம் வலி என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார்கள். சோறு இறங்காது, மறதி கூடும், பேரப்பிள்ளையின் சத்தம்கூட எரிச்சலூட்டும். நாம் அதற்கு “வயசாயிடுச்சு” என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதில் முதுமைக்கு மட்டும் விலக்குச் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அப்படியானால் நோயை முதுமை என்று தவறாகப் பெயரிடுகிறவர், மருந்துள்ள ஒருவரை மருந்தில்லாதவர் பட்டியலில் சேர்க்கிறார். 2017-18ல் எடுக்கப்பட்ட இந்திய முதியோர் நீண்டகால ஆய்வில், 60 வயது கடந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் இருந்தன. இது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. மருத்துவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தவர்களோ அவர்களில் பத்தில் ஒரு பங்குதான்.

“தொழுதா சரியாயிடும், ஈமான் குறைவு” என்று சொல்பவர்களும் உண்டு. யஃகூப் (அலை) அவர்களின் ஈமானில் குறையா? மகனைப் பிரிந்த துக்கத்தில் அவர்களின் கண்களே வெளுத்துப்போயின என்று ஸூரா யூஸுஃப் சொல்கிறது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? யூஸுஃபையே நினைத்து நினைத்து அழிந்துபோவீர்கள் என்றார்கள். நம் வீடுகளில் இன்றும் கேட்கும் அதே எரிச்சல்! தன் துயரை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று அவர்கள் சொன்னது அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான். அதை வைத்துக்கொண்டு, ‘மனிதரிடம் சொல்லாதே, மருத்துவரிடம் போகாதே’ என்று சட்டம் எடுப்பது சரியல்ல. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று சொன்ன அதே மூச்சில், போய்த் தேடுங்கள் என்றும் பிள்ளைகளை அனுப்பினார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நம் நபி (ஸல்) அவர்களே அடிக்கடி பாதுகாப்புத் தேடியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

“அல்லாஹ் என்னை எடுத்துக்கிட்டா போதும்” என்று அத்தாவோ அம்மாவோ சொன்னால், மரணத்தை ஆசைப்படக் கூடாது என்ற ஹதீஸை உடனே எடுத்து வீசாதீர்கள். ஹதீஸ் உண்மை. ஆனால் அது அவர்களின் நோய் பேசும் பேச்சாக இருக்கலாம். அருகில் உட்காருங்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, பி12 குறைவு போன்றவையும் இதே போலக் காட்டும், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். போனிலேயே பேச 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் இலவசம்.

முஅத்தினிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். முன்பு வந்து இப்போது வராத பெரியவர்களின் பெயர்களை, இன்று ஜும்ஆ முடிந்து போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். வெளியூரிலிருந்து இதை வாசிக்கும் சகோதரர்கள் தங்கள் மஹல்லாவில் ஒரு நோட்டு போடுங்கள். அஸருக்குப் பிறகு இரண்டு இரண்டு பேராகப் போவோம்.